எமிலியா-ரொமாஞா: ஒரு சாலையோரத்துத் தொழில் நாடு

விடுதியில் என் அறைக்கு எதிர் அறையில் இருக்கும் பஞ்சாப் நண்பரின் சிற்றப்பா இத்தாலியில் இருக்கிறார். "இத்தாலியில் எந்த ஊர்?" என்று ஒருநாள் கேட்டோம். "ரெஜ்ஜோ எமிலியா" என்றார். "பெராரி கார் செய்யும் இடத்துக்குப் பக்கம் அல்லவா! கார்த் தொழிற்சாலையில் வேலையா?" என்று ஆவலோடு கேட்டோம். "இல்லை, மாட்டுத் தொழுவத்தில் வேலை. விடியுமுன் எழுந்து பால் கறக்கிறார்" என்றார் நண்பர். நாங்கள் சிரித்துவிட்டோம். கடல் கடந்து, மலை கடந்து, ஐரோப்பாவுக்குப் போய்ப் பால் கறப்பதா என்பதுதான் சிரிப்பு. நண்பர் சிரிக்கவில்லை. "அந்தப் பாலை வைத்துத்தான் அந்த நாடே பிழைக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் சொன்னது மிகை. ஆனால் எவ்வளவு மிகை என்று தெரிந்துகொள்ளப் போய், பொருளாதாரம் படிக்கும் எனக்கு ஒரு நல்ல பாடம் கிடைத்தது. அதையே இங்கே நம் சங்கத்து நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

வட இத்தாலியில் போ என்னும் பேராற்றுக்கும் அப்பென்னைன் மலைத் தொடருக்கும் அட்ரியாடிக் கடலுக்கும் இடையே கிடக்கும் நிலப்பகுதியே எமிலியா-ரொமாஞா. பரப்பு சுமார் 22,500 சதுர கிலோமீட்டர். நம் தமிழகத்தில் ஆறில் ஒரு பங்கு எனலாம். மக்கள் ஏறத்தாழ 45 இலட்சம். தலைநகரம் பொலோஞா. 1088-ஆம் ஆண்டில் தோன்றியதாகப் போற்றப்படும் பழம்பெரும் பல்கலைக்கழகம் அங்கே உள்ளது.

இந்த நாட்டின் படத்தைப் பார்ப்பவர்களுக்கு ஒரு வேடிக்கை புலப்படும். ரிமினி, செசேனா, போர்லி, இமோலா, பொலோஞா, மோடெனா, ரெஜ்ஜோ, பார்மா, பியாச்சென்ஸா என்ற நகரங்களெல்லாம் நூலில் கோத்த மணிகளைப் போல ஒரே கோட்டில் நிற்கும். அந்த நூல் ஒரு சாலை. கி.மு. 187-இல் எமிலியஸ் லெப்பிடஸ் என்ற ரோமானிய அதிகாரி போட்ட சாலை அது. அவன் பெயரே நாட்டின் பாதிப் பெயராக இன்றும் வழங்குகிறது. இத்தாலியில் ஏற்றுமதி மிகுந்த மாநிலங்களுள் இஃது ஒன்று. ஆனால் ரூர் போல நிலக்கரியோ, டுரின் போல ஊரையே விழுங்கிய ஒற்றைப் பெருந்தொழிற்சாலையோ இங்கு இல்லை. சின்னஞ்சிறு பட்டறைகளும், கூட்டுறவுச் சங்கங்களும், தொழிற் பள்ளிகளும், பசுக்களும் சேர்ந்து எப்படி ஒரு செல்வ நாட்டை ஆக்கின என்பதுதான் கேள்வி.

பசுவிலிருந்தே தொடங்குவோம்.

பார்மா, ரெஜ்ஜோ, மோடெனா ஆகிய பகுதிகளிலும் அவற்றை அடுத்த சில இடங்களிலும் மட்டுமே செய்யப்படும் பாலாடைக்கட்டிக்குப் 'பார்மிஜானோ ரெஜ்ஜானோ' என்று பெயர். வேறெங்கு செய்தாலும் அந்தப் பெயரை இடச் சட்டம் இடம் தராது. மாலையில் கறந்த பாலை இரவு முழுதும் அகன்ற தொட்டிகளில் வைப்பர். மேலே மிதக்கும் ஆடை எடுக்கப்படும். காலையில் கறந்த பாலை அதனோடு கலந்து, கவிழ்த்த மணியின் உருவங்கொண்ட செப்புக் கொப்பரைகளில் ஊற்றுவர். நம் வீடுகளில் நேற்றைய மோரை உறை ஊற்றுவது போல, முதல் நாள் வடித்த புளித்த நீரை இன்றைய பாலில் சேர்ப்பர். கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ஒரு பொருளும் சேரும். பால் திரண்டதும் அதைச் சிறு துணுக்குகளாக உடைத்து, 55 டிகிரி வரை சூடேற்றுவர். கொப்பரையின் அடியில் திரண்டு கிடக்கும் கட்டியைத் துணியில் ஏந்தித் தூக்கி, இரண்டாக அறுத்து, வட்ட அச்சில் இடுவர். ஒரு வட்டுக்கு ஏறக்குறைய 550 லிட்டர் பால் வேண்டும். வட்டின் எடையோ சுமார் 40 கிலோதான்.

இதற்குப் பிறகுதான் பொருளாதாரம் தொடங்குகிறது. உப்பு நீரில் மூன்று வாரம் போல ஊறிய வட்டு, மரப் பலகைகளின் மேல் குறைந்தது 12 மாதம் இருக்கவேண்டும். நல்ல சரக்கு 24 மாதம், 36 மாதம்கூட இருக்கும். பன்னிரண்டு மாதமானதும் சோதனை செய்பவர் ஒரு சிறு சுத்தியலோடு வருவார். வட்டைத் தட்டித் தட்டி ஓசையைக் கேட்பார். உள்ளே வெடிப்போ பொந்தோ இருந்தால் காது சொல்லிவிடும். தேறாத வட்டின் தோலில் உள்ள பெயர் முத்திரை சுரண்டி எடுக்கப்படும்.

எண்ணிப் பாருங்கள். பால்காரனுக்குப் பணம் இன்று வேண்டும். மாட்டுக்குத் தீவனம் இன்று வேண்டும். விற்பனையோ இரண்டு ஆண்டு கழித்து! இடைக்காலத்தை எப்படிக் கடப்பது? அங்குள்ள ஒரு பாங்கு இதற்கு வழி கண்டது. கிரெடிட்டோ எமிலியானோ என்ற அந்தப் பாங்கு நகையை அடகு பிடிப்பது போலப் பாலாடைக்கட்டியை அடகு பிடிக்கிறது. இலட்சக்கணக்கான வட்டுகள் அடுக்கப்பட்ட கிடங்குகளே அந்தப் பாங்கின் கீழ் இருக்கின்றன. வட்டைத் திருப்பி வைப்பது, துடைப்பது, பக்குவம் பார்ப்பது எல்லாம் கிடங்கின் பொறுப்பு. அடகு வைத்த நகை பெட்டியில் கிடந்தால் கிடந்தபடி கிடக்கும். இந்த அடகுப் பொருளோ கிடக்கக் கிடக்க விலை கூடும். கடன் கொடுத்தவனும் வாங்கியவனும் ஒருசேர மகிழும் அடகு உலகில் வேறு எங்கே உண்டு?

கட்டி எடுத்தபின் மிஞ்சும் பால்நீரும் வீணாவதில்லை. அது பன்றிகளுக்குத் தீனி. அந்தப் பன்றிகளின் தொடையே, உப்பு ஒன்றைத் தவிர வேறெதுவும் சேர்க்காமல், லாங்கிரானோ என்னும் ஊரின் மலைக்காற்றில் ஓராண்டுக்கு மேல் உலர்த்தப்பட்டுப் பார்மா இறைச்சியாக உலகெங்கும் போகிறது. மோடெனாவிலோ திராட்சைச் சாற்றைக் காய்ச்சி, சிறிதும் பெரிதுமான மரப் பீப்பாய்களில் குறைந்தது 12 ஆண்டு மாற்றி மாற்றி வைத்துக் காடி செய்கிறார்கள். காத்திருக்கத் தெரிந்தவர்களின் தொழில்கள் இவை. பார்மாவில் 1877-இல் சிறு ரொட்டிக் கடையாகத் தொடங்கிய பாரில்லா நிறுவனம் இன்று மாவுப் பண்டங்களில் உலகப் பெயர் பெற்றது. ஐரோப்பிய ஒன்றியத்தின் உணவுப் பாதுகாப்பு அலுவலகமும் பார்மாவில்தான் இருக்கிறது.

பாலாடைக்கட்டி செய்யும் இடங்களுள் பல, பால் கறக்கும் குடியானவர்களே சேர்ந்து நடத்தும் கூட்டுறவுகள். கூட்டுறவு என்றதும் நமக்குச் சர்க்கார் அலுவலகமும் நீண்ட வரிசையும் நினைவுக்கு வரும். இந்நாட்டில் அது பசித்தவர்கள் கண்டுபிடித்த ஒன்று. ராவென்னாவைச் சுற்றிய சதுப்பு நிலங்களில் மண்வெட்டிக் கூலிகளாக இருந்தவர்கள் 1883-இல் தமக்கென ஒரு சங்கம் கண்டனர். குத்தகைக்காரனிடம் கூலிக்குப் போவதற்குப் பதிலாக, வேலையையே தாம் குத்தகை எடுப்பது என்பது அவர்கள் எண்ணம். மறு ஆண்டிலேயே அவர்களில் பலர் ரோமாபுரிக்கு அருகே ஒஸ்தியா என்னுமிடத்துச் சதுப்பை வடிக்கச் சென்றார்கள். மலேரியாக் காய்ச்சல் பலரைக் கொண்டுபோயிற்று. எஞ்சியோர் வேலையை முடித்தனர்.

1920-களில் பாசிஸ்டுகள் இச் சங்கங்களைக் கொளுத்தியும் கைப்பற்றியும் சிதைத்தார்கள். போர் முடிந்தபின் எழுதப்பட்ட இத்தாலிய அரசியல் சட்டத்தின் 45-ஆம் விதி கூட்டுறவின் சமூகப் பணியை ஏற்றுக்கொண்டது. இலாபத்தின் பெரும்பகுதி பிரிக்க முடியாத பொது நிதியில் சேரவேண்டும் என்பது அங்குள்ள முறை. அங்கத்தினர் விலகும்போது அதில் பங்கு கேட்க முடியாது. தாத்தா சேர்த்ததைப் பேரன் விற்றுத் தின்ன முடியாது என்று கொள்ளலாம். 1992-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒன்று சொல்லிற்று: ஒவ்வொரு கூட்டுறவும் தன் இலாபத்தில் நூற்றுக்கு மூன்று பங்கைப் புதிய கூட்டுறவுகளை வளர்க்கும் நிதிக்குத் தரவேண்டும்.

இனி இரும்புக்கு வருவோம். ரெஜ்ஜோவில் ரெஜ்ஜானே என்ற பெருந்தொழிற்சாலை இருந்தது. போர்க் காலத்தில் ஆகாய விமானங்கள் செய்தது. போர் முடிந்தது, விமானம் வேண்டுவார் இல்லை. 1950-இல் தொழிலாளரைத் திரளாக நீக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. தொழிலாளர் வெளியேற மறுத்தனர். தொழிற்சாலையைத் தம் வசம் வைத்துக்கொண்டு, ஏறத்தாழ ஓராண்டு, ஊர் மக்கள் தந்த உணவை உண்டு, தாமே ஒரு டிராக்டரை வரைந்து செய்து முடித்தார்கள். போராட்டம் வெற்றி பெறவில்லை. பெரும்பாலோர் வேலை இழந்தார்கள். ஆனால் வேலை இழந்தவர்கள் கைத்திறனை இழக்கவில்லை. அவர்களில் பலர் ஒரு கடைசல் இயந்திரத்தை வாங்கி வீட்டுப் பின்கட்டில் வைத்தார்கள். பொலோஞாவிலும் மோடெனாவிலும் அந்த ஆண்டுகளில் இதே கதை நடந்தது. நகரசபைகள் நிலத்தை மலிவாக வாங்கி, சாலையும் மின்சாரமும் போட்டு, இச் சிறு பட்டறைகளுக்கு விட்டன. அந்த நகரசபைகளை ஆண்டவர்கள் பொதுவுடைமைக் கட்சியினர்! தனி முதலாளி ஆக விரும்பியவனுக்குப் பொதுவுடைமை நகரசபை இடம் கொடுத்தது என்பதை நம் விடுதி விவாத சபையில் சொன்னால் இரு தரப்பாரும் சண்டைக்கு வருவார்கள்.

திறன் எங்கிருந்து வந்தது? பொலோஞாவில் 19-ஆம் நூற்றாண்டிலேயே தோன்றிய ஆல்டினி-வலேரியானி என்ற தொழிற்கல்விக் கூடம் இருக்கிறது. பட்டம் தரும் இடமன்று. அரம் பிடிக்கவும் வரைபடம் வாசிக்கவும் கற்றுத் தந்த இடம். பொலோஞாவைச் சுற்றியுள்ள இயந்திரத் தொழிலின் முன்னோடிகளில் பலர் அங்கே படித்தவர்கள். பொருள்களைப் பொட்டலம் கட்டும் இயந்திரங்களே பொலோஞாவின் சிறப்பு. 1920-களில் சோடா உப்புத் தூளைப் பொட்டலம் கட்ட ஓர் இயந்திரம் பிறந்தது. அதைச் செய்த நிறுவனத்தில் வேலை கற்றவர் வெளியே வந்து வேறொன்றைத் தொடங்க, அங்கே கற்றவர் மற்றொன்றைத் தொடங்க, ஆலமரத்து விழுதுகள் போலத் தொழில் பரவிற்று. மிட்டாய்க்கு ஒன்று, சிகரெட்டுக்கு ஒன்று, மாத்திரைக்கு ஒன்று என்று பங்கிட்டுக்கொண்டனர். தேயிலைத் தூளைச் சிறு காகிதப் பைகளில் இட்டு நூல் கட்டும் இயந்திரத்தில், 1961-இல் தோன்றிய இமா என்ற நிறுவனம் உலகில் முன்னணியில் நிற்கிறது. பொலோஞாவில் தேயிலைச் செடி கிடையாது. பொலோஞாக்காரர் குடிப்பதும் காப்பிதான்.

இவ் வேலை நடக்கும் விதத்தைக் கவனிக்கவேண்டும். இயந்திரத்தின் பெயர்ப் பலகை ஒரு நிறுவனத்துடையது. அதன் பற்சக்கரம் ஒரு பட்டறையிலும், வார்ப்பு மற்றொன்றிலும், மின்கம்பி வேலை வேறொன்றிலும் நடைபெறும். எல்லாம் அரை மணி நேரப் பயணத்துக்குள். இன்று போட்டியாக இருப்பவர் நாளை உதவியாக இருப்பார். மோடெனாவில் ஆராய்ந்த செபஸ்தியானோ புருஸ்கோ என்ற பொருளாதார அறிஞர் 1982-இல் 'எமிலிய மாதிரி' என்று இதற்குப் பெயரிட்டு எழுதிய கட்டுரை உலகெங்கும் படிக்கப்பட்டது. நம் திருப்பூர்ப் பனியன் தொழிலை ஆராய வந்தவர்களும் இந்தக் கண்ணாடியை அணிந்துகொண்டே வந்தார்கள்.

மோட்டார் கார்களைப் பற்றி நான் எழுதாவிட்டால் நண்பர்கள் விடமாட்டார்கள். என்சோ பெராரி மோடெனாவில் 1898-இல் பிறந்தவர். போர்க் காலத்தில் 1943-இல் பட்டறையை மரனெல்லோவுக்கு மாற்றினார். அவர் பெயர் தாங்கிய முதற் கார் 1947-இல் வந்தது. லம்போர்கினியோ முதலில் செய்தது டிராக்டர். போரில் மிஞ்சிய இராணுவ உறுப்புகளைக் கொண்டு அதைச் செய்தார். 1963-இல்தான் கார் நிறுவனம் தொடங்கினார். பெராரி காரின் குறையைச் சொல்லப் போய் அவமதிக்கப்பட்டதால் தொடங்கினார் என்று ஒரு கதை உண்டு. கதை முழுதும் மெய்யோ, விற்பனைக்கு உதவியதால் வளர்ந்ததோ! டுகாட்டி நிறுவனம் 1926-இல் வானொலி உறுப்புகள் செய்யத் தோன்றியது; மோட்டார் சைக்கிள் போருக்குப் பிறகு வந்தது. ஆயினும் இந்தப் புகழ் கார்களால் மட்டும் நாடு வாழ்வதாக எண்ணுவது, கோபுரக் கலசத்தைப் பார்த்துவிட்டுக் கோயிலே பொன் என்பது போலாகும். லம்போர்கினியும் டுகாட்டியும் இப்பொழுது ஜெர்மானிய நிறுவனத்தின் கையில் இருக்கின்றன என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

மோடெனாவுக்குத் தெற்கே சஸ்ஸுவோலோ என்ற ஊரைச் சுற்றித் தரை ஓடுகள் செய்கிறார்கள். இத்தாலிய ஓடுகளின் மிகப் பெரும்பகுதி இங்கிருந்தே வருகிறது. மலையடிவாரத்துச் சிவந்த களிமண் முதல் மூலதனம். 1970-களில், பல மணி நேரம் சூளையில் வெந்த ஓட்டை, உருளைகளின் மேல் ஓடவிட்டு ஒரு மணிக்குள் சுட்டெடுக்கும் முறை வந்தது. அக்காலத்தில் சூளைப் புகை ஊரின் காற்றைக் கெடுத்தது. பின்னர் சட்டங்கள் கடுமையாயின. பிற்காலத்தில் வெண்ணிறக் களிமண்ணை உக்ரைனிலிருந்து கப்பலில் கொண்டுவந்தார்கள். 2022-இல் போர் மூண்டபோது களிமண்ணும் நின்றது. சூளைக்கு வேண்டிய எரிவாயுவின் விலையும் வானளாவிற்று. பல சூளைகள் அணைந்தன.

இங்கே நம் நாட்டோடு ஒரு தொடர்பு இருக்கிறது. இமோலாவில் 1919-இல் ஒன்பது கருமார்களும் இயந்திர வேலைக்காரர்களும் கூடி ஒரு கூட்டுறவு தொடங்கினார்கள். சாக்மி என்பது அதன் பெயர். ஓடு அழுத்தும் இயந்திரமும் சூளையும் செய்வதில் இன்று அது உலகப் பெரு நிறுவனம். அதன் இயந்திரங்கள் குஜராத்திலுள்ள மோர்பிக்கும் வருகின்றன. மோர்பியின் ஓடுகள் உலகச் சந்தையில் சஸ்ஸுவோலோ ஓடுகளோடு மோதுகின்றன. ஆக, இமோலாக்காரன் விற்கும் இயந்திரமே பக்கத்து ஊர்க்காரனுக்குப் போட்டியாளனை உண்டாக்குகிறது. விற்காதே என்றும் சொல்ல முடியாது. அவன் விற்காவிட்டால் வேறொருவன் விற்பான். மற்றொன்றும் உண்டு. சாக்மியின் அங்கத்தினர் சில நூறு பேரே. பல நாடுகளில் அதற்காக உழைப்போர் பல ஆயிரம். அங்கத்தினர் அல்லாதார் அங்கே கூலிக்காரர்தாம். மண்வெட்டிக் கூலிகள் கண்ட கனவு இவ்வளவு வளர்ந்தபின் யாருடையது என்று கேட்பது தவறாகாது.

கார்ப்பி என்ற ஊர் முன்பு மரச் சீவலில் தொப்பி பின்னியது. தொப்பி போனதும் அதே பெண்களின் கைகள் பின்னலாடைக்கு மாறின. பெண்கள் வேலைக்குப் போனால் குழந்தைகளை யார் பார்ப்பது? 1945-இல் ரெஜ்ஜோவுக்கு அருகே ஒரு சிற்றூர் மக்கள், ஜெர்மானியர் விட்டுச் சென்ற ஒரு டாங்கியையும் லாரிகளையும் குதிரைகளையும் விற்ற பணத்தில் குழந்தைப் பள்ளி ஒன்றைத் தம் கையாலேயே கட்டினர். அதிலிருந்து வளர்ந்த ரெஜ்ஜோவின் நகரசபைப் பள்ளிகளைக் காண இன்று உலகத்து ஆசிரியர்கள் வருகிறார்கள். பொருளாதார நூல்களில் இதைத் தொழில் என்று எழுதமாட்டார்கள். ஆனால் அந்தப் பள்ளிகள் இல்லாவிட்டால் தறிகளில் பாதி நின்றிருக்கும் என்பது என் கருத்து.

மிரண்டோலாவில் 1962-இல் ஒரு மருந்துக் கடைக்காரர் தொடங்கிய பிளாஸ்டிக் குழாய்த் தொழில், சிறுநீரக நோயாளிகளின் இரத்தத்தைத் தூய்மை செய்யும் கருவிகளாக வளர்ந்தது. 2012 மே மாதம் 20-ஆம் நாளும் 29-ஆம் நாளும் நிலம் நடுங்கியபோது அந்த ஊர் நொறுங்கிற்று. 29-ஆம் நாள் வேலை நேரம். முதல் நடுக்கத்திற்குப் பின் வேலைக்குத் திரும்பியவர்கள் மேல் தொழிற்கூடங்களின் கூரை விழுந்தது. இறந்தவர்களுள் ஓர் இந்தியத் தொழிலாளியும் உண்டு. பாலாடைக்கட்டிக் கிடங்குகளில் இலட்சக்கணக்கான வட்டுகள் சரிந்தன.

கடற்கரையில் ரிமினி. 1843-இல் முதல் கடல்நீராட்டு நிலையம் கண்ட ஊர். தாயும் தந்தையும் மக்களும் சேர்ந்து நடத்தும் சிறு உணவு விடுதிகள் நூற்றுக்கணக்கில் உண்டு. கோடையில் பணம், குளிர்காலத்தில் உறக்கம். இதற்குமேல் சொல்ல எனக்கு அதிகமில்லை.

இவ்வளவையும் படித்துவிட்டு அங்கே எல்லாரும் உத்தமர் என்று யாரும் எண்ணவேண்டாம். பார்மாவுக்கு அருகே பிறந்த பார்மலாட் என்ற பால் நிறுவனம் 2003 டிசம்பரில் கவிழ்ந்தபோது, சுமார் 1,400 கோடி யூரோ கணக்கில் ஓட்டை விழுந்திருந்தது. அமெரிக்கப் பாங்கு ஒன்றில் இருப்பதாகக் காட்டிய பெருந்தொகை அங்கே இல்லவே இல்லை. காத்திருந்து சம்பாதிக்கும் நாட்டில் காத்திருக்க மாட்டாதவர்களும் பிறந்திருக்கிறார்கள்.

நண்பரின் சிற்றப்பாவுக்கு வருவோம். பாலாடைக்கட்டிக்குப் பால் நாள்தோறும் வேண்டும். கிறிஸ்துமஸ் அன்றும் வேண்டும். அங்குள்ள இளைஞர் தொழுவ வேலைக்கு வருவதில்லை, மக்கட்பிறப்பும் குறைந்துவிட்டது. தொழுவக்காரனுக்கு அங்கே 'பெர்கமீனி' என்று பழைய பெயர். அந்தப் பெயரை இன்று சுமப்பவர்களுள் பலர் பஞ்சாபியர். ரெஜ்ஜோவுக்கு வடக்கே நொவெல்லாரா என்னும் ஊரில் 2000-ஆம் ஆண்டில் அவர்கள் கட்டிய பெரிய குருத்வாரா இருக்கிறது. தட்டினால் ஓசை கேட்கும் அந்த வட்டுகளில் எத்தனையோ, மாடு தெரிந்த பஞ்சாபிக் கைகள் கறந்த பாலில் ஆனவை. அடுத்த நாளே நண்பரிடம் போய், சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் அதை மறந்தே போயிருந்தார்.

ரொமாஞாப் பகுதியில் 2023 மே மாதத்தில் பெருமழை பெய்தது. இருபதுக்கு மேற்பட்ட ஆறுகள் கரை உடைத்தன. பதினேழு பேர் மாண்டனர். பழத்தோட்டங்கள் சேற்றில் மூழ்கின. 2024 செப்டம்பரில் மீண்டும் வெள்ளம் வந்தது. முதல் வெள்ளத்தின்போது ராவென்னா நகரம் மூழ்கும் நிலை ஏற்பட்டது. கால்வாய்க் கரையை வெட்டித் தண்ணீரைப் பக்கத்து வயல்களில் விட்டால் நகரம் தப்பும் என்று அதிகாரிகள் கண்டார்கள். அந்த வயல்கள் விவசாயத் தொழிலாளர் கூட்டுறவு ஒன்றுக்குச் சொந்தமானவை. 1883-இல் மண்வெட்டிக் கூலிகள் தொடங்கிய இயக்கத்தின் வழிவந்த கூட்டுறவு அது. கேட்டபோது, வெட்டிக்கொள்ளுங்கள் என்று அவர்கள் சொன்னார்கள். கரை வெட்டப்பட்டது, பயிர் நீரில் மூழ்கியது, நகரம் தப்பியது.